நாப்பழக்கம் விட்ட மொழிகள்: வாசகர் கேள்வி – பதில்

பிறமொழி பேசுதல், உச்சரிப்பு, ஒரு காலத்தில் தெரிந்திருந்து பின்னர் கைவிட்டுப்போன மொழியை மீட்டெடுத்தல் ஆகியவை தொடர்பாக வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இம்மாதம் பதில் எழுதுகிறேன். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: எழுபதுகளின் நடுப்பகுதியிலிருந்து 1983 வரை அநுராதபுரத்திலும் பின்னர் கொழும்பிலும் அரச திணைக்களமொன்றில் எழுதுவினைஞராகக் கடமையாற்றினேன். அந்நாளில் சிங்களம் சரளமாகக் கதைப்பேன். இன்று மற்றவர்கள் கதைப்பது பெரும்பாலும் விளங்குகிறது. பதில் சொல்ல வாய் திறந்தால் சொல் வருவதில்லை. நாற்பது ஆண்டுகளாகப் பேசாத மொழி திரும்பி வருமா? மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டுமா?
– ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், கொக்குவில்

பதில்: வரும், அரிச்சுவடியும் வேண்டாம். மற்றவர்கள் கதைப்பது விளங்குகிறது என்று நீங்களே எழுதியிருப்பதால், மொழி உங்களைவிட்டுப் போகவில்லை என்பது தெளிவு. கேட்கும்போது சொல் வெளியிலிருந்து வருகிறது, அதை இனங்கண்டால் போதும்; பேசும்போது அதே சொல்லை நாமே தேடி, எதிரில் நிற்பவர் பொறுமை இழப்பதற்குள் எடுத்துவைக்க வேண்டும். பழக்கம் விட்டால் முதலில் தளர்வது இந்த இரண்டாவது ஆற்றல்தான். முதலாவது நெடுநாள் நிற்கும்.

இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஹரி பாரிக் என்ற அமெரிக்க உளவியலாளர், பாடசாலையிலோ கல்லூரியிலோ ஸ்பானிய மொழி படித்த 733 பேரைப் பரிசோதித்து 1984 இல் தமது முடிவுகளை வெளியிட்டார். அவர்களுள் அப்போதுதான் படித்து முடித்தவர்களும் இருந்தனர், படித்து ஐம்பது ஆண்டுகள் ஆனவர்களும் இருந்தனர். பெரும்பாலானோர் இடைப்பட்ட காலத்தில் அம்மொழியை ஏறத்தாழத் தொட்டதே இல்லை. முதல் மூன்று தொடக்கம் ஆறு ஆண்டுகளுக்குள் மறதி வேகமாக நிகழ்ந்திருந்தது. அதற்குப் பின் எஞ்சியதோ இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் வரை பெரிதாகக் குறையாமல் நின்றிருந்தது. தொடக்கத்தில் எவ்வளவு நன்றாகப் படித்திருந்தார்களோ அவ்வளவுக்கு எஞ்சியதும் கூடுதலாக இருந்தது. வகுப்பறையில் மட்டும் படித்தவர்களுக்கே இந்நிலை என்றால், ஆண்டுக்கணக்கில் கந்தோரிலும் தேநீர்க் கடையிலும் பேசிப் பழகிய உங்களிடம் எஞ்சியிருப்பது சிறிதாக இருக்க முடியாது. அதற்கும் ஏறத்தாழ நூறாண்டு முன்னர், 1885 இல், ஹேர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மானிய அறிஞர் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்தும் மறந்தும் மீண்டும் மனனம் செய்தும் ஆராய்ந்தபோது, அடியோடு மறந்துவிட்டதாகத் தோன்றியவற்றைக்கூட இரண்டாம் முறை மனனம் செய்வதற்குக் குறைந்த நேரமே பிடித்ததைக் கண்டு எழுதினார். உங்களுடைய சிங்களமும் இரண்டாம் முறைதான் படிக்கப்படப் போகிறது.

எழுத்துச் சிங்களத்தைத் தொடாமல் பேச்சிலேயே தொடங்குங்கள் என்பது எனது ஆலோசனை. தமிழில் உள்ளது போலவே, இன்னும் சொன்னால் அதைவிடக் கூடுதலாக, சிங்களத்தில் எழுத்து நடையும் பேச்சு நடையும் விலகி நிற்கின்றன. பேச்சில் ‘மம யனவா, ஒயா யனவா, எயா யனவா’ என்று நானும் நீங்களும் அவரும் ஒரே வினைச்சொல்லோடு போய்விடலாம். எழுத்தில் அவ்வினை ஆளுக்கேற்ப வடிவம் மாறும். தொலைக்காட்சிச் செய்திகள் எழுத்து நடையில் வாசிக்கப்படுகின்றன. ஆகவே மொழியைப் புதுப்பிக்க வேண்டும் என்று இரவுச் செய்தியின் முன் அமர்ந்து, ஒன்றும் வாயில் ஒட்டவில்லையே என்று மனம் சலிப்பவர்கள் தொலைக்காட்சி நாடகத்துக்கு மாறினால் நல்லது. நாடகத்தில் ஒருவர் கேள்வி கேட்டவுடன் ஒலியை நிறுத்தி, அதற்குரிய பதிலை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பிறகு நடிகர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். மனத்துக்குள் சொல்லிக்கொள்வது கணக்கில் சேராது.

உச்சரிப்பில் ஒன்றை மட்டும் கவனியுங்கள், ஏனெனில் தமிழர் பலர் அதிலேதான் சறுக்குகிறார்கள். தமிழெழுத்தில் இரண்டையும் ‘கந்த’ என்றே எழுத நேரும். ஆனால் சிங்களத்தில் மலையைக் குறிக்கும் சொல்லில் மெல்லின ஒலி முழு அளவு நின்று ஒலிக்க, அடிமரத்தைக் குறிக்கும் சொல்லில் அது பின்வரும் ஒலியோடு ஒட்டி ஒரு கணம் மட்டும் தொட்டுப் போகும். காதால் பிரித்தறியப் பழகிவிட்டால் நாக்கு பின்தொடரும்.

இனிப் பேசுவதற்கு ஆள் வேண்டும். நயினாதீவுக்குப் போகும் யாத்திரிகர்கள் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்காகக் காத்திருக்கும் நேரம் உங்களைப் போன்றவர்களுக்கு நல்ல வகுப்பு; எங்கிருந்து வருகிறீர்கள், எத்தனை மணிக்குப் புறப்பட்டீர்கள், வெயில் தாங்குகிறதா என்று கேட்டால் மகிழ்ச்சியோடு கதைப்பார்கள். கொழும்புக்குப் போகும்போது யாழ்தேவியில் சென்றால் ஏழெட்டு மணிநேரம் கிடைக்கும். பழைய கந்தோர் நண்பர் யாராவது இன்னும் தொடர்பில் இருந்தால் அவரைத் தொலைபேசியில் அழைப்பது எல்லாவற்றிலும் மேலானது, ஏனெனில் அந்தக் காலத்துச் சொற்கள் அந்தக் காலத்து மனிதரோடுதான் விரைவாக எழுந்து வரும். உங்கள் தடுமாற்றத்தைக் கண்டு இரக்கப்பட்டு எதிரிலிருப்பவர் ஆங்கிலத்துக்கோ கொச்சைத் தமிழுக்கோ மாறப் பார்ப்பார்; அதற்கு இடங்கொடாமல், சிங்களத்திலேயே சொல்லிப் பார்க்கிறேன் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். 1983 கலவரத்துக்குப் பின்னர் அம்மொழியை நாவில் எடுக்கவே மனம் இசையாதவர்கள் இங்கே உண்டு. அது மறதியைச் சேர்ந்ததன்று. உங்கள் கடிதத்தில் அந்தத் தொனி இல்லாததால் அதைப் பற்றி மேலே எழுதவில்லை.

கேள்வி: சென்னையில் உயர்கல்வி கற்கிறேன். நான் தமிழில் கதைத்தால் கேரளாவா என்று கேட்கிறார்கள். அவர்களைப் போலவே பேசப் பழகுவதா?
– மாணவர், உரும்பிராய்

பதில்: கடைக்காரருக்கும் ஓட்டோக்காரருக்கும் விளங்கும் சில சொற்களை மாற்றிக்கொள்ளுங்கள், அது போதும். வேகத்தைச் சற்றுக் குறைத்தாலே பாதிச் சிக்கல் தீரும். விடுமுறைக்கு ஊருக்கு வந்து அம்மாவிடமும் ‘பேசிட்டிருக்கேன்’ என்று சொல்லத் தொடங்கினால்தான் நாங்கள் சிரிப்போம்.

கேள்வி: கணவர் ஜேர்மனியில் இருக்கிறார். விசாவுக்காக ஏ1 பரீட்சைக்கு யாழ்ப்பாண நகரில் வகுப்புக்குப் போகிறேன். வாசிப்பும் எழுத்தும் பரவாயில்லை. பேசும்போது வகுப்பில் சிரிக்கிறார்கள். மேலே இரு புள்ளி இட்ட எழுத்துகள் எனக்கு வரவே இல்லை. உச்சரிப்புக்காகவே என்னைச் சித்தியெய்த விடாமல் செய்வார்களா?
– மானிப்பாய்

பதில்: வாழ்க்கைத் துணையோடு சேர்ந்து வாழ ஜேர்மனிக்குப் போகிறவர்கள், விலக்களிக்கப்பட்ட சிலர் தவிர, அடிப்படை ஜேர்மன் அறிவை முன்கூட்டியே நிரூபிக்க வேண்டும் என்ற விதி 2007 இல் வந்தது. அதன் பிறகு யாழ்ப்பாணத்தில் எத்தனையோ புதுமணப் பெண்கள் உங்கள் வாங்கில் இருந்து இதே கவலையைப் பட்டிருக்கிறார்கள். கோதே நிறுவனத்தின் ஏ1 பரீட்சையில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்கு பகுதிகளுக்கும் சேர்த்து 100 புள்ளிகள். 60 பெற்றால் சித்தி. ஏ1 என்ற தரத்தை வகுத்தது ஐரோப்பியப் பேரவை 2001 இல் வெளியிட்ட பொதுச் சட்டகம். அத்தரத்தில் இருப்பவரின் உச்சரிப்பைப் பற்றி அது சொல்வது என்ன தெரியுமா? படித்து வைத்த சில சொற்களையும் தொடர்களையும் அவர் சொல்லும்போது, அவருடைய மொழியினத்தாரோடு பேசிப் பழகிய ஜேர்மானியர் சற்று முயன்றால் விளங்கிக்கொள்ள முடிய வேண்டும், அவ்வளவுதான். சற்று முயன்றால் என்பதைக் கவனியுங்கள். உங்களுடைய வகுப்பில் சிரிப்பவர்கள் கேட்கும் தரத்தைப் பரீட்சை கேட்கவில்லை.

இருந்தாலும் அந்த ஒலிகள் வரக்கூடியவைதான். ‘ஈ’ என்று நீட்டிச் சொல்லுங்கள். நாக்கை அசைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, ‘ஊ’ சொல்வதற்குக் குவிப்பது போல உதடுகளை மட்டும் குவியுங்கள். வருவதுதான் யூ எழுத்தின் மேல் இரு புள்ளி இட்ட ஒலி. ‘ஏ’ என்று நீட்டிக்கொண்டு உதட்டை ‘ஓ’வுக்குக் குவித்தால் மற்றது வரும். கண்ணாடியின் முன் நின்று செய்யுங்கள், ஏனெனில் தமிழ்வாய் உதட்டைக் குவித்தவுடனேயே நாக்கைப் பின்னுக்கு இழுத்துவிடும். அந்த இழுப்பைத் தடுப்பதுதான் முழுப் பயிற்சியும். இதைக் கைவிடவும் கூடாது, ஏனெனில் புள்ளியில்லாமல் ‘ஷோன்’ என்றால் ‘ஏற்கெனவே’, புள்ளியோடு சொன்னால் ‘அழகான’ என்று பொருள் மாறும். ‘நான்’ என்பதற்குரிய ஜேர்மன் சொல்லின் ஈற்றொலியைச் சிலர் ‘இஷ்’ என்றும் சிலர் ‘இக்’ என்றும் முடிக்கிறார்கள்; ‘ஈ’ என்று நீட்டியபடியே குரலை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் பலமாக விட்டுப் பாருங்கள், சரியான ஒலி கிடைக்கும்.

உண்மையில் புள்ளிகளை இழக்கும் இடம் வேறு. பேசும் பகுதியில் உங்களை அறிமுகம் செய்ததும் ஏதாவதொரு பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லவும், தொலைபேசி எண் போன்ற ஓர் எண்ணைச் சொல்லவும் கேட்பார்கள். நாம் சிறுவயதிலிருந்தே எழுத்துகளின் ஆங்கிலப் பெயர்களில் ஊறியவர்கள். ஆங்கிலத்தில் ‘ஏ’ என்று நாம் சொல்லும் எழுத்து ஜேர்மனில் ‘ஆ’. ஆங்கிலத்தில் ‘ஈ’ என்பது அங்கே ‘ஏ’. ஆங்கிலத்தில் ‘ஐ’ என்பது அங்கே ‘ஈ’. பதற்றத்தில் ஆங்கிலப் பெயரைச் சொல்லிவிட்டால் எதிரிலிருப்பவர் வேறோர் எழுத்தைக் குறித்துக்கொள்வார், பெயரே மாறிப்போகும். ‘ஜே’ அங்கே ‘யொட்’, ‘வீ’ அங்கே ‘ஃபௌ’, ‘டபிள்யூ’ அங்கே ‘வே’. நமது பெயர்களின் நீளத்துக்கு இது சிறிய விடயமன்று. உங்கள் பெயரையும் கணவரின் பெயரையும் ஊரின் பெயரையும் ஜேர்மன் எழுத்துப் பெயர்களில் தூக்கத்திலும் சொல்லுமளவுக்குப் பழகுங்கள். எண்களில், இருபத்தொன்றை அவர்கள் ஒன்றும் இருபதும் என்ற வரிசையில் சொல்வார்கள். ஆகவே தொலைபேசி எண்ணை இரண்டிரண்டாகச் சேர்க்காமல் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லிவிடுவது பாதுகாப்பானது.

ஆசிரியரே சேர்ந்து சிரிக்கிறார் என்றால் வகுப்பை மாற்றுங்கள். இங்கே ஜேர்மன் வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை.

கேள்வி: எண்பதுகளில் மொஸ்கோவில் பொறியியல் படித்தேன். அப்போது ரஷ்ய மொழியிலேயே பரீட்சை எழுதினேன். ஊரில் இன்று அம்மொழியில் கதைக்க எனக்கு ஒருவரும் இல்லை. தனியாக இருந்து மொழியைக் காப்பாற்ற வழி உண்டா?
– காரைநகர்

பதில்: உங்களுக்குப் பொருத்தமான மனிதர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். துரோய் நகரைத் தோண்டிப் பெயர்பெற்ற ஹைன்றிக் ஷ்லீமான் தொல்லியலுக்கு வருமுன்னர் வணிகராக இருந்தவர். 1840களில் ஆம்ஸ்ரர்டாமில் வேலைபார்த்தபோது ரஷ்ய மொழி படிக்க விரும்பினார். சொல்லிக்கொடுக்க ஒருவரும் கிடைக்கவில்லை. பழைய இலக்கண நூலொன்றையும் அகராதியொன்றையும் மொழிபெயர்ப்புக் கதையொன்றையும் வைத்துக்கொண்டு மனனம் செய்தார். யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் வேகமாகப் படிக்கலாம் என்று தோன்றவே, வாரத்துக்கு நான்கு பிராங்க் சம்பளத்தில் முதியவர் ஒருவரை அமர்த்தினார். அவர் ஒவ்வொரு மாலையும் இரண்டு மணிநேரம் வந்திருந்து ஷ்லீமான் ஒப்புவிப்பதைக் கேட்க வேண்டும். அந்த முதியவருக்கு ரஷ்ய மொழியில் ஓரெழுத்தும் தெரியாது. உரத்த குரலைத் தாங்காமல் அயலில் குடியிருந்தவர்கள் முறையிட்டதால் ஷ்லீமான் இரண்டு தடவை வீடு மாற வேண்டியிருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனால் ஆறே வாரங்களில் ரஷ்ய மொழியில் வணிகக் கடிதம் எழுதிவிட்டார்.

ஆள் வைக்கும் பகுதியை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளுங்கள். உரக்க வாசித்தல், தமக்குப் பிடித்த விடயத்தைப் பற்றி அம்மொழியில் எழுதுதல், எழுதியதை மனனம் செய்து மறுநாள் ஒப்புவித்தல் ஆகியவையே அவருடைய முறை. ஒரு நாட்டில் தங்கியிருக்கும்போது அந்நாட்டு மொழியிலேயே நாட்குறிப்பும் எழுதினார். நீங்கள் பொறியியலாளர் என்பதால், வீட்டுக் கிணற்றுப் பம்பைக் கழற்றிப் பூட்டும்போது செய்வதையெல்லாம் ரஷ்ய மொழியில் வாய்விட்டு விவரித்துப் பாருங்கள். எந்தச் சொற்கள் போய்விட்டன என்பது அப்போதுதான் தெரியும், அவற்றை மட்டும் அகராதியில் தேடினால் போதும். நாளுக்குக் கால்மணி நேரம் என்று வைத்துக்கொள்வது, ஞாயிறு முழுவதும் இருந்து படிப்பதைவிட நல்லது. உங்களோடு படித்தவர்கள் இலங்கையின் பல பகுதிகளிலும் இருப்பார்கள். அவர்களில் ஒருவரையாவது வட்ஸ்அப்பில் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு நாள்தோறும் ஆங்கிலத்தில் கதைக்க வேண்டிய வேலை. என் ஆங்கிலத்தில் யாழ்ப்பாணம் தெரிகிறது என்று உடன் வேலைசெய்பவர்கள் கேலி செய்கிறார்கள். பிரித்தானிய உச்சரிப்பைப் பழகுவதா, அமெரிக்க உச்சரிப்பைப் பழகுவதா?
– திருநெல்வேலி

பதில்: இரண்டும் வேண்டாம். அமெரிக்கர் போலப் பேச முனையும் யாழ்ப்பாணத்து இளைஞனின் ஆங்கிலம் அமெரிக்கருக்கும் விளங்குவதில்லை, நமக்கும் விளங்குவதில்லை. ஊர் தெரிவது வேறு, விளங்காமல் இருப்பது வேறு. மன்றோ, டேர்விங் என்ற இரு கனடிய ஆய்வாளர்கள், சீன மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களின் ஆங்கிலப் பேச்சை ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்குப் போட்டுக் காட்டி, கேட்டதை எழுதச் சொல்லி 1995 இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. ஒரு சொல்லும் பிழையாமல் எழுதப்பட்ட வாக்கியங்கள் பலவற்றைப் பேசியவர்களுக்கே, உச்சரிப்பில் அந்நியம் மிகுதி என்றும் அதே ஆட்கள் புள்ளியிட்டிருந்தார்கள். இருபது வயதுக்கு மேல் ஆங்கிலம் படித்து அம்மொழியின் பெரும் நாவலாசிரியர்களுள் ஒருவரான போலந்துக்காரர் ஜோசப் கொன்ராட், கடைசிவரை போலந்து வாடை நீங்காமலேதான் ஆங்கிலம் பேசினார்.

சில ஒலிகளில் நாம் முன்னுக்கு நிற்கிறோம் என்பதும் கேலி செய்பவர்களுக்குத் தெரிந்திருக்காது. ‘காற்று’, ‘வெற்றி’ என்பவற்றில் வரும் ற்ற என்பதை யாழ்ப்பாணத்தவர் ஒலிக்கும் விதம் ஆங்கில ‘ரீ’ (T) எழுத்தின் ஒலிக்கு மிக அண்மையானது. அதனால்தான் தமிழகத்தார் மார்க்கெட், டிக்கெட் என்று எழுதுவதை நாம் மாக்கற், ரிக்கற் என்று எழுதுகிறோம். திருத்த வேண்டியவை வேறு. மேற்பல்லைக் கீழுதட்டில் மெல்ல வைத்து ஊதினால் வரும் ஒலியைப் ‘ப’ ஆக்கிவிடாதீர்கள். ‘ஸ்’ சொல்லும்போது தொண்டையில் விரலை வைத்துப் பாருங்கள், அதிர்வு இராது. அதே ஒலியைக் குரலோடு சொல்லி அதிர்வை வரவழைத்தால் ஆங்கில அரிச்சுவடியின் கடைசி எழுத்து. வீ எழுத்துக்குப் பல் உதட்டைத் தொட வேண்டும், டபிள்யூவுக்குத் தொடவே கூடாது, உதடுகள் மட்டும் குவிய வேண்டும். நமது ‘வ’ இரண்டுக்கும் நடுவில் நிற்பதால் இரண்டும் ஒன்றாகக் கேட்கும்.

ஒலிகளைவிட முக்கியமானது அழுத்தம். தமிழில் ஒவ்வோர் அசைக்கும் அதனதன் அளவைக் கொடுத்துச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் ஓரசை தூக்கி ஒலிக்க, மற்றவை விழுங்கப்படும்; அந்த ஓரசையை வைத்துத்தான் கேட்பவர் சொல்லைப் பிடிக்கிறார். புகைப்படத்தைக் குறிக்கும் சொல்லில் அழுத்தம் முதலசையில், புகைப்படக் கலைஞரைக் குறிக்கும் சொல்லில் இரண்டாமசையில், அதன் பெயரடை வடிவத்தில் மூன்றாமசையில். உங்கள் வேலையில் அன்றாடம் வரும் சொற்களை ஒரு தாளில் எழுதி, அழுத்தம் எங்கே என்று அகராதியில் பார்த்துக் கோடிட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஆசிரியரின் குரலை மட்டும் கேட்டுப் பழகாமல் பல குரல்களைக் கேளுங்கள்: ஆங்கிலத்தின் ஆர், எல் ஒலிகளைப் பிரித்தறிய முடியாத ஜப்பானியருக்குப் பலருடைய குரல்களில் பயிற்சி கொடுத்தபோது அவர்கள் அவ்வேறுபாட்டைக் கேட்கத் தொடங்கியதோடு, பேசும் பயிற்சி எதுவும் கொடுக்காமலே அவர்களுடைய உச்சரிப்பும் திருந்தியதை 1990களில் நடந்த ஆய்வுகள் காட்டின.

கேள்வி: நம்மூரில் பன்மொழி அறிந்தவர்கள் அத்தனை மொழிகளையும் எப்படி மறக்காமல் வைத்திருந்தார்கள்?
– மாணவி, சுன்னாகம்

பதில்: ஒவ்வொரு மொழிக்கும் அவர்களிடம் வேலை இருந்தது. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் தமிழ்ச் சொற்களைப் பிறமொழிச் சொற்களோடு ஒப்பிட்டு அகராதி தொகுத்தவர். அம்மொழிகளை அவர் புதுப்பிக்கத் தனியே நேரம் ஒதுக்கத் தேவையே இருந்திராது. 1913 இல் ஊர்காவற்றுறையில் பிறந்த தனிநாயகம் அடிகள் உரோமாபுரியில் படித்தவர், தமிழைப் பற்றி உலகெங்கும் உரையாற்றியவர், 1554 இல் லிஸ்பனில் அச்சான தமிழ் நூலைத் தேடிப் படித்தவர். வேலையில்லாத மொழியை மனவலிமையால் மட்டும் வைத்திருந்தவர் எவரையும் எனக்குத் தெரியாது.

கேள்வி: மகனின் குடும்பம் பாரிஸில். விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகள் இருவருக்கும் நான் சொல்வதெல்லாம் விளங்குகிறது. பதில் மட்டும் பிரெஞ்சில் வருகிறது. ஒன்றிரண்டு தமிழ் சொன்னாலும் ரகரம் தொண்டைக்குள்ளிருந்து வருகிறது. வற்புறுத்தாதீர்கள் அம்மா என்கிறான் மகன். நான் என்ன செய்வது?
– அப்பம்மா, பருத்தித்துறை

பதில்: அம்மா, மகன் சொல்வதில் பாதி சரி. வற்புறுத்த வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம்.

பெரியவர்கள் மொழியை மறப்பது மெதுவாக. பிள்ளைகள் மறப்பது வெகு விரைவாக. மூன்று வயதுக்கும் எட்டு வயதுக்கும் இடையில் கொரியாவிலிருந்து பிரெஞ்சுக் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டவர்களை வளர்ந்தபின் பரிசோதித்து 2003 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. எட்டு வயதுவரை கொரிய மொழி பேசியிருந்தவருக்குக்கூட அம்மொழியின் வாக்கியத்தை வேற்றுமொழி வாக்கியத்திலிருந்து பிரித்தறிய முடியவில்லை. கேட்க அச்சமாக இருக்கும்; ஆனால் கதை அங்கே முடியவில்லை. சீனாவிலிருந்து மொன்றியலுக்குக் கைக்குழந்தைகளாக வந்தவர்களின் மூளை, அவர்கள் மறந்துவிட்ட சீன மொழியின் தொனிகளைச் சீனம் பேசுபவர்களின் மூளையைப் போலவே கையாள்வதை 2014 இல் கண்டார்கள். கொரியாவிலிருந்து நெதர்லாந்துக்குத் தத்துப்போனவர்கள், கொரிய ஒலிகளை மற்ற டச்சுக்காரரைவிட விரைவாகவும் நன்றாகவும் உச்சரிக்கப் பழகினார்கள் என்று 2017 இல் வேறோர் ஆய்வு சொன்னது. காதில் விழுந்தது வீணாகவில்லை. உங்கள் பேரப்பிள்ளைகள் தத்துப்போனவர்கள் அல்லர். வீட்டில் நாள்தோறும் தமிழ் கேட்கிறார்கள், லாச்சப்பல் பக்கம் போனால் கடையெல்லாம் தமிழ். அவர்களிடம் குறைவது பேசித்தான் ஆகவேண்டும் என்ற நிலை மட்டுமே.

அந்த நிலையை உங்களால் உண்டாக்க முடியும், ஏனெனில் உங்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. அது உங்களுடைய பெரிய பலம். ‘சாப்பிட்டியோ?’ என்று கேட்டால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ‘தோசைக்குச் சம்பலோ, சாம்பாரோ?’ என்றால் ஒரு சொல்லாவது வர வேண்டும். பிரெஞ்சில் பதில் வந்தால் கோபிக்காமல் அதையே தமிழில் திருப்பிச் சொல்லிவிட்டுக் கதையைத் தொடருங்கள். அவர்கள் பாரிஸுக்குத் திரும்பிய பின் கிழமைக்கு இரண்டு முறை, பெற்றோர் அருகில் இல்லாமல், அவர்களோடு மட்டும் வீடியோவில் கதையுங்கள். ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியை ஆள் நேரில் இருந்து பேசிக் காட்டியபோது அவர்கள் அதன் ஒலிகளைப் பிடித்துக்கொண்டதையும், அதே ஆளைத் திரையில் ஓடவிட்டபோது ஒன்றும் பிடிக்காததையும் 2003 இல் அமெரிக்காவில் கண்டார்கள். ஆனால் வீடியோ அழைப்பு அப்படியன்று, எதிர்முனையில் இருப்பவர் பிள்ளைக்கு மறுமொழி கொடுப்பதால் சிறு பிள்ளைகளும் அதிலிருந்து சொற்களைக் கற்கிறார்கள் என்று பின்னர் அறியப்பட்டது. ஆகவே தமிழ்க் கார்ட்டூன் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள்.

ரகரத்தை விட்டுவிடுங்கள். நீரைக் கொப்பளிப்பது போலத் தொண்டையில் ரகரம் உருட்டும் நாட்டில் பிறந்த பிள்ளைக்கு அது அப்படித்தான் வரும். அது பேசுகிறது என்பதே பெரிது. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: வீட்டுக்கு யாரும் வந்தால், ‘எங்கே, மாமாவுக்குத் தமிழில் ஒன்று சொல்லு பார்ப்போம்’ என்று பிள்ளையைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தாதீர்கள். அது ஏதாவது சொல்லும், வந்தவர்கள் சிரிப்பார்கள், அன்போடுதான் சிரிப்பார்கள். அந்தப் பிள்ளை அன்று மாலையே பிரெஞ்சுக்குத் திரும்பிவிடும்.

கேள்வி: கைத்தொலைபேசிச் செயலியில் நாள் தவறாமல் பிரெஞ்சு படிக்கிறேன். அது போதாதா?
– சாவகச்சேரி

பதில்: சொற்களை மறக்காமல் வைத்திருக்க உதவும், பேச உதவாது. பெரும்பாலான செயலிகள் விடையைத் திரையில் காட்டித் தெரிவுசெய்யச் சொல்கின்றன. தெருவில் உங்களிடம் ஒருவரும் நான்கு விடைகளை நீட்டப் போவதில்லை. செயலியின் நல்ல பகுதி, சொற்களை இடைவெளி விட்டு மறுபடி கேட்பது. அதைக் காகிதத்திலேயே செய்யலாம். 1970களில் ஜேர்மனியில் செபஸ்தியான் லைற்னர் என்பவர் பிரபலப்படுத்திய முறை இது: ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் பிரெஞ்சுமாகச் சிறு அட்டைகளில் எழுதி, ஐந்து அறைகளாகத் தடுத்த பெட்டியில் எல்லாவற்றையும் முதலறையில் இடுங்கள். தமிழைப் பார்த்துப் பிரெஞ்சை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சரியானால் அட்டை அடுத்த அறைக்குப் போகும், பிழைத்தால் எந்த அறையில் இருந்தாலும் முதலறைக்குத் திரும்பும். முதலறையை நாள்தோறும் பாருங்கள், பின்னறைகளை வரவர அரிதாகப் பாருங்கள். தனிச்சொல்லை எழுதாமல், அச்சொல் வரும் சிறு வாக்கியத்தை எழுதுங்கள். காதுக்கு, பிரான்சின் சர்வதேச வானொலி எளிய பிரெஞ்சில் ஒலிபரப்பும் செய்தி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல்முறை வெறுமனே கேளுங்கள், இரண்டாம்முறை வாசிப்பவரின் பின்னாலேயே நீங்களும் உரக்கச் சொல்லிக்கொண்டு போங்கள், வீட்டில் மற்றவர்கள் என்ன நினைத்தாலும் பரவாயில்லை.